விருப்பப் பட்டியலை யார் எழுதுவது?

வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பெற்றோர் எழுதியவை. 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையிலும், ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களோடு அமர்ந்து கலந்தாய்வுப் பட்டியல் தயாரிக்க உதவியவன் என்ற முறையிலும், அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

ஒரு தாய், கோவில்பட்டி: என் மகனுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 174 வந்திருக்கிறது. கணினி அறிவியல் வேண்டும் என்கிறான். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், "கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் வாய்ப்பு வீணாகிவிடும், கிடைக்கக்கூடியதாகப் பார்த்துப் பத்து எழுதினால் போதும்" என்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் கலந்தாய்வுக்குப் போனதில்லை. பட்டியலை எப்படி எழுத வேண்டும்?

அம்மா, அந்த அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்ன இரண்டுமே தவறு. இதே தவறான ஆலோசனையைக் கேட்டு நல்ல இடங்களை இழந்த பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கட்-ஆஃப். கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 80 பெற்ற ஒரு மாணவருக்குக் கணக்கு மதிப்பெண் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் எடுக்கப்பட்டு 92, 42, 40 என்று கூட்டி 200-க்கு 174 வரும். ஆனால் இந்த எண் மட்டுமே உங்கள் மகனின் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. மதிப்பெண்களை அள்ளி வழங்கிய ஆண்டில் 174 பெற்றவருக்கு முன்னால் நிற்பவர்கள் அதிகம். கடினமான வினாத்தாள் வந்த ஆண்டில் குறைவு. ஆகவே தரவரிசைப் பட்டியல் வெளியானதும் அவனது பொதுத் தரவரிசை எண்ணையும், உங்கள் சமூகப் பிரிவுக்கான தரவரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, சென்ற ஆண்டு அதே அளவு தரவரிசையில் இருந்தவர்களுக்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் கிடைத்தது என்று பாருங்கள்.

இனி ஒதுக்கீடு நடக்கும் விதம். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவரது பட்டியலில் முதலாவதாக உள்ள இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது என்று கீழே இறங்கி, முதலில் காலியாகத் தென்படும் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் செல்கிறது. எட்டாத ஒன்றை மேலே எழுதியதற்காக எந்தத் தண்டனையும் இல்லை. கீழே எழுதிய எதுவும் அதனால் கைநழுவிப் போவதும் இல்லை. உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. "இதுதான் கிடைக்கும்" என்று ஊகித்து ஒரு கல்லூரியை மேலேயும், மனதுக்குப் பிடித்ததைக் கீழேயும் எழுதினால், கணினி மேலே உள்ளதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பிடித்த இடம் காலியாகவே இருந்தாலும் பிறகு அதைக் கேட்க வழியில்லை. ஆசைப்படும் வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பத்து விருப்பங்கள் போதவே போதாது. எத்தனை விருப்பங்கள் எழுதலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. எழுதிய பத்தும் முன்னே நிற்பவர்களால் நிரம்பிவிட்டால், அந்தச் சுற்றில் உங்கள் மகனுக்கு ஒதுக்கீடே இல்லாமல் போய், மீதியிருக்கும் இடங்களுக்காக அடுத்த சுற்றில் நிற்க வேண்டியிருக்கும். அறுபது, எண்பது என்று எழுதும் பிள்ளைகள் உண்டு, அது மிகையன்று. வரிசையின் அடிப்பகுதியில், "இது கிடைத்தாலும் போய்ப் படிப்பேன்" என்று அவன் மனமாரச் சொல்லும் கல்லூரிகள் இருக்க வேண்டும். போக மனமில்லாத கல்லூரியின் பெயரை இடம் நிரப்புவதற்காக எழுத வேண்டாம், அதுவே கிடைத்துவிடக் கூடும்.

இதில் உங்கள் வேலை என்ன என்று கேட்டால், கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஒரு பக்கத்தில் அவன் பட்டியலை எழுத, மறுபக்கத்தில் நீங்கள் கல்லூரியின் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே சாமியின் பெயரிலும் ஒரே தலைவரின் பெயரிலும் பல கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு முறை ஒரு மாணவி, தன் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதாக எண்ணித் தேர்ந்த கல்லூரி, ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தது. பெயர் ஒன்றுதான், எண் வேறு. பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அந்த எண்களை ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பது ஒரு மணி நேர வேலைதான்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் முடிவு சொல்ல இரண்டு நாட்களே இருக்கும். கிடைத்ததை ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருப்பது, இதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குச் செல்வது, விலகுவது என்று ஐந்து வழிகள் திரையில் தெரியும். மேலே ஏதேனும் காலியாகுமா என்ற நம்பிக்கை இருந்தால் இரண்டாவது வழியே பாதுகாப்பானது, ஏனெனில் கையில் உள்ளதும் இருக்கும். அந்த இரண்டு நாட்களில் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கணினி அறிவியல் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கல்லூரியில் கணினி அறிவியலா, நல்ல கல்லூரியில் மின்னணுவியலா, மின்னியலா என்ற நிலை வந்தால், என் கருத்து பின்னதற்கே சாயும். பொதுவாகச் சொல்லிவிட்டேன் என்பதற்காக அதை அப்படியே ஏற்க வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் வழங்கப்படுவது, என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக வழங்கப்படுவது. "எங்களுக்கு என்.பி.ஏ. இருக்கிறது" என்று கல்லூரி சொன்னால், உங்கள் மகன் சேரவிருக்கும் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்த விகிதத்தோடு ஒப்பிட முடியாது.

கல்லூரிக்குப் போவதானால் வேலை நாளில் போங்கள். வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்து விளக்கப் படம் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பட்டறையில் லேத் இயந்திரத்தின் அடியில் இரும்புச் சீவல்கள் சுருள் சுருளாகக் கிடந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். இயந்திரத்தின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையில் தூசி படிந்திருந்தால் அதற்குப் பொருள் உங்களுக்கே தெரியும். கணினி ஆய்வகத்தின் பதிவேட்டில் கடைசியாகக் கையெழுத்திட்ட தேதி என்ன என்று பாருங்கள். வெளியே பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இறுதியாண்டு மாணவரிடம் உங்கள் மகனைப் பேசவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

ஒரு தந்தை, ஈரோடு: என் மகள் கணக்கில் 99 எடுத்திருக்கிறாள். நல்ல கல்லூரியில் கணினிப் பொறியியல் கிடைக்கும். அவளோ பி.எஸ்சி. கணிதம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். உறவினர்கள் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். பி.எஸ்சி. படித்தால் டீச்சர் வேலையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உறவினர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; கணிதம் ஏன் வேண்டும் என்று மகள் சொன்ன காரணம் மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை. அவளுக்குப் புரிய வைக்கும் முன், அதை அவளிடம் கேட்டுவிடுங்கள். குறுக்கே பேசாமல் அரை மணி நேரம் கேளுங்கள்.

வேலையைப் பற்றி நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் தகவல் குறைவாக இருக்கிறது. பி.எஸ்சி. கணிதம் முடித்தவர்கள் ஜாம் என்ற தேர்வை எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்கிறார்கள். புள்ளியியல், தரவு அறிவியல், எம்.சி.ஏ. என்று கணினித் துறைக்குத் திரும்பும் வாசல்கள் திறந்தே இருக்கின்றன. காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி என்னும் கணிப்பாளர் பணிக்கு, படிக்கும்போதே தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கலாம். வங்கித் தேர்வுகளும் அரசுப் பணித் தேர்வுகளும் எந்தப் பட்டத்துக்கும் பொது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பை, வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆசிரியர் பணியையும் நீங்கள் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. உங்கள் மகளை 99-க்குக் கொண்டுவந்தவரும் ஓர் ஆசிரியர்தான்.

ஆனால் மகளும் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பள்ளிக் கணக்கில் வழி தெரிந்தால் விடை வந்துவிடும். கல்லூரிக் கணிதத்தில், குறிப்பாக இரண்டாம் ஆண்டிலிருந்து, ஒரு கூற்று ஏன் உண்மை என்று படிப்படியாக நிறுவ வேண்டும். ஒரு பக்கத்தில் ஓர் எண்கூட இல்லாத நிரூபணங்கள் வரும். இதை அறியாமல் சேர்ந்து திகைத்துப்போன நல்ல மாணவர்கள் உண்டு. பக்கத்துக் கல்லூரியில் மெய்ப்பகுப்பாய்வு, இயற்கணிதம் ஆகிய பாடங்களின் நூல்களை இரவல் வாங்கி, இரண்டு வாரம் அவள் தானாகப் படித்துப் பார்க்கட்டும். புரியாவிட்டால் பரவாயில்லை, புரியாதபோதும் புத்தகத்தை மூட மனம் வருகிறதா என்பதுதான் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்த இரண்டு வாரமும் நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்தால் பேருதவி.

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் பி.எஸ்சி.க்குத் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த படிப்புகளுக்கு, கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இவற்றுக்கான விண்ணப்பக் காலம் பிளஸ் டூ முடிவுகள் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், அடுத்த தை மாதத்திலேயே இந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அரசுக் கலைக் கல்லூரிகளும் உதவிபெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. குறைந்த கட்டணத்தில் மிகச் சிறந்த கணிதத் துறைகள் அவற்றில் உண்டு.

என் மூத்த மகன் தாவரவியல் படிக்க விரும்பினான். நான் அவனை மின்னணுவியலில் சேர்த்தேன். எல்லாத் தேர்வுகளிலும் தேர்ச்சி பெற்றான், வேலைக்கும் போனான், என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது, சணல் கயிற்றால் கட்டிய அவனது பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. பக்கத்துக்கு ஓர் இலை ஒட்டி, கீழே பறித்த இடமும் தேதியும் எழுதியிருந்தான். கடைசி இலையின் தேதி, நான் அவனைக் கல்லூரியில் சேர்த்த வாரத்துக்கு முந்தைய வாரம். அந்த நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

ஒரு தந்தை, திண்டுக்கல்: முடிவுகள் வருவதற்கு முன்பிருந்தே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பிரபலமான கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருகிறேன், 25,000 ரூபாய் முன்பணமும் அசல் மதிப்பெண் சான்றிதழும் கொடுங்கள் என்கிறார். இடம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

கொடுக்காதீர்கள். கல்லூரியில் சேர விரும்பினால் நீங்களே கல்லூரி அலுவலகத்துக்குப் போகலாம். இடையில் ஒருவருக்கு அங்கே வேலை இல்லை. சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தை அரசு நியமித்த கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கிறது. அதற்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. எந்தப் பணம் கட்டினாலும் கல்லூரியின் பெயரில், கல்லூரியின் வங்கிக் கணக்கில் கட்டி, ரசீது வாங்குங்கள். ரசீது தர முடியாத பணம் என்றால் அது கொடுக்கக் கூடாத பணம்.

அசல் சான்றிதழ்களைப் பற்றி மிகுந்த எச்சரிக்கையோடு இருங்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது தொலைபேசியில் பேசியவருக்கு எங்கிருந்து வந்தது? என்னிடம் படித்த ஒரு மாணவன், முதல் வாரத்திலேயே வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தும், முதலில் சேர்ந்த இடத்தில் மாற்றுச் சான்றிதழை வாங்குவதற்குள் கடைசித் தேதி கடந்து, அந்த இடத்தை இழந்தான்.

ஒரு விசைத்தறித் தொழிலாளி, பள்ளிபாளையம்: என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தான். பொறியியல் சேர நான்கு லட்சம் கடன் வாங்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுப் பத்திரம் தவிர வேறு எதுவும் இல்லை. வங்கியில் கிடைக்குமா? அடைக்க முடியுமா?

ஐயா, கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் பற்றிப் பேச வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-ஆம் ஆண்டிலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 2021-ஆம் ஆண்டிலும் 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஒதுக்கீட்டின் கீழ் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தலைமையாசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றை உடனே வாங்குங்கள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் குறித்திருக்கிறானா என்று சரிபாருங்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்ததும், எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்று அதில் அச்சாகியிருப்பதைப் படித்துப் பாருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. "கலந்தாய்வெல்லாம் எதற்கு, நேராகச் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இது தவிர, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் பொதுப் பிரிவில் கிடைத்து, உங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால், முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்கள்; கலந்தாய்வு மூலம் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. சாதியோ வருமானமோ இதற்குத் தடையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கடன் தேவைப்பட்டால், நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்திருங்கள். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்து, அந்த எண்ணோடு வங்கிக்குப் போங்கள். மேலாளர் வாய்மொழியாக மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை; ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஐந்து ஆண்டுகளில் சேரும் தனிவட்டி 1,40,000 ரூபாய். 5,40,000 ரூபாயைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய் ஆகும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டி வந்தால் தவணை சுமார் 5,300 ரூபாயாகக் குறையும். ஆண்டு வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை ஏற்கும் மத்திய அரசின் மானியத் திட்டமும் இருக்கிறது. வருமானச் சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். இந்தக் கணக்கை உங்கள் மகனையும் உட்கார வைத்து ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். குடும்பத்தின் நிலையை மறைத்து வளர்ப்பதைவிட, அவனை நம்பிச் சொல்வது அவனுக்குச் செய்யும் மரியாதை.

ஒரு தாய், விருத்தாசலம்: மகன் வேதியியலில் தேறவில்லை. மூன்று நாட்களாக அறையை விட்டு வரவில்லை. ஓராண்டு போய்விட்டதே என்று அவன் அப்பா திட்டிக்கொண்டே இருக்கிறார்.

சகோதரி, ஓராண்டு போகவில்லை. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடக்கும். அதில் தேறியவர்களுக்கு அந்த ஆண்டே பொறியியலில் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. கலைக் கல்லூரிகளிலும் இடங்கள் மீதமிருக்கும். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கவும் வழியுண்டு. ஆனால் இவையெல்லாம் நாளைக்கு. இன்று அவன் அறைக் கதவைத் தட்டி, உள்ளே போய், அவன் பக்கத்தில் உட்காருங்கள். தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பிட அழைத்து வாருங்கள். இரவில் தனியே விடாதீர்கள். அவன் அப்பாவிடம், திட்டுவதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பேச்சே இல்லாமல் இருந்தாலோ, "இனி என்ன இருக்கிறது" என்பது போல ஏதேனும் சொன்னாலோ, 104 அல்லது 14416 என்ற எண்ணை உடனே அழையுங்கள். மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். நீங்கள் பேசிவிட்டு அவனிடம் கொடுக்கலாம்.

ஒரு தாய், கம்பம்: மகளுக்குக் கோவையில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. என் மாமியார், வயசுப் பெண்ணை விடுதியில் விடக் கூடாது, தேனியிலேயே ஏதாவது படிக்கட்டும் என்கிறார். என் கணவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். மகளை எப்படித் தயார் செய்வது?

உங்கள் மாமியாரை எதிர்த்துப் பேச வேண்டாம், அம்மா. அவரையும் அழைத்துக்கொண்டு கோவைக்குப் போங்கள். அவர் அஞ்சுவது தெரியாத இடத்தைப் பற்றி. விடுதிக் காப்பாளரிடம் அவரே நேரில் பேசட்டும், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வேளை சாப்பிடட்டும், இரவுக் காவல் யார், எத்தனை மணிக்குக் கதவு பூட்டப்படுகிறது என்று கேட்கட்டும். பாட்டிமார்கள் கேட்கும் கேள்விகள் பெற்றோர் கேட்பவற்றைவிடக் கூர்மையாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரி விடுதியில் இடம் இல்லாமல் வெளியே தனியார் விடுதியில் தங்க நேர்ந்தால், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்ற விடுதியா என்று பார்த்துச் சேருங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

ராகிங் என்னும் பகடிவதை பற்றியும் மகளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் 1997-இலேயே அதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்பது நாடு முழுவதற்குமான உதவி எண். பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். "என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், படிப்பை நிறுத்திவிடுவோம் என்று பயப்படாதே" என்று நீங்கள் இப்போதே வாக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் பெண் பிள்ளைகள் பல விஷயங்களை மறைக்கிறார்கள்.

தயார் செய்வது என்றால் பெட்டி நிறையத் துணியும் முறுக்கும் அதிரசமும் என்று நினைத்துவிடுகிறோம். கல்லூரி திறக்கும் வரை இருக்கும் வாரங்களில் சில வேலைகளை அவளிடமே விட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கு தொடங்குவதற்கான படிவத்தை அவளே நிரப்பட்டும். கோவைக்குப் போகும்போது பேருந்து எங்கே மாற வேண்டும், எத்தனை மணிக்கு வண்டி என்று அவளே விசாரித்து உங்களை அழைத்துச் செல்லட்டும். வழி தவறினாலும் நீங்கள் உடனிருக்கும்போதே தவறட்டும். காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை, எத்தனை நாளுக்கு மேல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை இப்போதே கையில் கொடுத்து, செலவை அவளே எழுதி வரட்டும். மாதக் கடைசியில் பணம் தீர்ந்துபோனால் உடனே நிரப்பாதீர்கள்.

முதல் மாதத்தில் அவள் அழுவாள். தொலைபேசியில் கேட்கும்போது உங்களுக்கும் அழுகை வரும். தினம் நான்கு முறை அழைக்காமல், இரவு ஒரு நேரம் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் மூன்று வாரம் ஊருக்கு வரவழைக்காமல் இருந்தால் அறைத் தோழிகளோடு ஒட்டிக்கொள்வாள். மாமியாரிடமும் அந்தத் தொலைபேசியைக் கொடுங்கள்.

ஒரு தந்தை, ஆரணி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மகளின் இனிஷியல் பெயருக்கு முன்னாலும், ஆதாரில் என் முழுப்பெயர் அவள் பெயருக்குப் பின்னாலும் இருக்கிறது. சாதிச் சான்றிதழில் ஓர் எழுத்து வேறு. இதனால் சேர்க்கையில் சிக்கல் வருமா?

சேர்க்கையின்போது சமாளித்துவிடலாம், உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும்போதும், பின்னாளில் கடவுச்சீட்டு எடுக்கும்போதும் சிக்கல் வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையே அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். மதிப்பெண் சான்றிதழில் திருத்தம் செய்வது நீண்ட வேலை. ஆதாரில் திருத்துவது அதைவிட எளிது. சாதிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் சரியான எழுத்தோடு மீண்டும் விண்ணப்பித்து வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைக் கடந்து வருவதால் நாளாகும். கலந்தாய்வுக் காலத்தில் இன்னும் நாளாகும். இந்த வாரமே போய்விடுங்கள், மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். புதிய வங்கிக் கணக்கை ஆதார் திருத்தம் முடிந்த பிறகு தொடங்கினால் போதும்.